பெட்டைக்குரல்

வேட்டுச் சத்தம் கேட்டபோது சீதாலெட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம், பெருங்காடு தொடங்கும் இடத்திலிருந்து ஒரே ஒரு வேட்டு. சதுப்பில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் எழும்பி, ஒரு வட்டமடித்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி இறங்கின.

'அப்ப லியனார்ட் தம்பியும் போயிருக்கு' என்று நினைத்துக்கொண்டாள். மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. போன வாரம் முழுக்க அவள் புருஷன் அய்யாவுவும் லியனார்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள். அய்யாவு கோழிக் குரலில் கூப்பிட, லியனார்ட் சுட, பழையபடி சேர்ந்து வேட்டைக்குப் போயிருந்தால் சண்டை தீர்ந்தது என்றுதான் அர்த்தம். அரிசியை உலையில் போட்டுவிட்டு அம்மியைக் கழுவினாள். காட்டுக்கோழிக்கு மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். தேங்காய்ப் பால் ஊற்றினால் காட்டு வாசனை போய் அது வீட்டுக்கோழியாகிவிடும் என்பது அய்யாவு போட்ட சட்டம். மல்லியும் மிளகாயும் மிளகும் வைத்து அரைத்து, உருட்டி எடுக்கும்போது தண்டவாளப் பக்கம் ஆட்கள் கத்துவது கேட்டது.

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே, சுங்கை வேயில் ரயில் பாதையை ஒட்டி இருந்த லயம் அது. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே வரிசை வீடுகள். பாதையில் சல்லி இடிக்கிறவர்களும் கட்டை மாற்றுகிறவர்களும் அங்கே குடியிருந்தார்கள். அய்யாவுவும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வரிசை முடிந்து கொஞ்சம் தள்ளி, பப்பாளி மரங்களுக்கு நடுவே தனியாக நின்ற வீடு லியனார்டுடையது. ரயிலுக்குக் கைகாட்டி இழுக்கிற வேலை அவனுக்கு. காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு போகிற வேலை. சுற்றுவட்டாரத்தில் லைசென்சு வைத்த துப்பாக்கியும் அவனிடம்தான் இருந்தது.

அந்த லியனார்ட் இப்போது அய்யாவுவை முதுகில் சுமந்துகொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்தான். அய்யாவுவின் இடது பக்கம் முழுக்க ரத்தம். தோள், கழுத்து, கன்னம்.

"அக்கா, நாந்தான் அக்கா. நாந்தான் சுட்டேன். கோழின்னு நெனச்சுட்டேன்."

சீதாலெட்சுமி ஓடிப்போய் அய்யாவுவின் முகத்தைத் தாங்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை நடுவிலேயே நின்றது. இரண்டு கையிலும் மிளகாய். புருஷன் கண்ணெதிரே கிழிந்து கிடக்கிறான், அவளால் தொட முடியவில்லை. தொட்டிக்கு ஓடி, சாம்பலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவள் திரும்பி வருவதற்குள் பாதை வேலைக் கேங்கின் தலைவரான மண்டோர் தம்புசாமி டிராலியைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டிருந்தார்.

"எந்த வண்டியும் வரலடா, லைன் கிளியர் வாங்கியாச்சு! கிள்ளானுக்குத் தள்ளுங்க. சீதா, தலய மடியில வச்சுக்க. அவன் கண்ண மூட விடாத, பேசிக்கிட்டே வா."

லியனார்ட் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளினான். கேங்கு ஆட்களுக்குப் பழகிய கால்கள். வெயிலில் பழுத்த இரும்பின்மேல் பூனைபோல ஓடுவார்கள். அவனுக்குப் பழக்கமில்லை. கிள்ளான் ஆற்றுப் பாலம் வருவதற்குள் பாதம் கிழிந்து, அவன் ஓடி வந்த இரும்பில் சிவப்பு ஒட்டியிருந்தது. சீதாலெட்சுமி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் காயம் பார்க்கிற டிரெசர் ரவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பீங்கான் தட்டில் போட்டார். பாதி ரவையை ஒரு ரப்பர் மரம் வாங்கிக்கொண்டதால் ஆள் பிழைத்தான் என்றார். கண் தப்பியது. கன்னத்தில் மட்டும் ஒரு நரம்பு அறுந்திருந்தது. உதட்டின் இடது ஓரம் இனிச் சரியாக மூடாது.

சாயங்காலம் அய்யாவுவுக்கு நல்ல நினைவு வந்தது. தலையும் தாடையும் கட்டிக் கிடந்தன. கட்டில் காலடியில் லியனார்ட் தலையைத் தொங்கப் போட்டு நின்றான். அய்யாவு சரியாக இருந்த பக்கத்து வாயால் மெல்லப் பேசினான்.

"தம்பி. எதக் கேட்டுச் சுட்ட? கூவுனதையா?"

லியனார்ட் நிமிராமலே சொன்னான். "இல்லண்ணே. கூவியிருந்தா நீங்களோன்னு ஒரு சந்தேகம் வந்திருக்கும். பெட்ட பேசிச்சு. சருகக் கெளறுச்சு. கொஞ்சம் கெளறும், நிக்கும், மறுபடி கெளறும். சரி, சேவல் வரும்னு மரத்தோட ஒட்டி நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு றெக்க அடிக்கிற சத்தம். சேவல் எறங்கிருச்சுன்னு நெனச்சேன். பொதருக்குள்ள செவப்பா ஒண்ணு அசைஞ்சிச்சுண்ணே."

"துண்டு" என்றான் அய்யாவு. "என் துண்டு. செம்மண்ணு ஏறுன துண்டு. தொடையில அடிச்சேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அப்ப பெட்ட ஒண்ணு, சேவல் ஒண்ணு. ரெண்டு கோழின்னா நெனச்ச?"

கட்டுக்குள்ளே அந்த முகம் சிரித்தது. சீதாலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாகக் கெடந்த மனுசன் கேக்கற கேள்வியா இது? ரெண்டு கோழியாம்! நீங்க வெளில போங்க தம்பி. மொதல்ல வெளில போங்க."

லியனார்ட் வெளியே போனான். நேராகக் கிள்ளான் போலீஸ் ஸ்டேசனுக்குப் போய், தான்தான் சுட்டதாக எழுதிக் கொடுத்தான். மறுநாள் துப்பாக்கியையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

அய்யாவு வீடு திரும்பியபோது ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. வெயில் காலம். லயத்தைச் சுற்றிலும் காய் வெடிக்கும் சத்தம். தகரக் கூரைமேல் கொட்டைகள் விழுந்து உருண்டன. இடது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியாதவன் சல்லி இடிக்க முடியாது. அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டால் வீட்டையும் காலி பண்ண வேண்டியிருக்கும். ஆனால் தம்புசாமி யாரையும் போடவில்லை. முறை மாறி ஓய்வு கிடைக்கும் நேரமெல்லாம் லியனார்ட் வந்து அய்யாவுவின் இடத்தில் நின்றான். கைகாட்டி இழுத்த கையில் இடிகோல் பிடித்துக் கட்டைக்கு அடியில் சல்லியைத் திணித்தான். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு இடித்தான். கேங்கில் யாரும் அவனோடு பேசவில்லை, வேலை மட்டும் கொடுத்தார்கள்.

அவன் மனைவி டோரிஸ் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரி. நறுவிசாக உடுத்துவாள், அதிர்ந்து பேசமாட்டாள். அவள் கொடுத்தனுப்பிய சூப்புச் சட்டியைச் சீதாலெட்சுமி அப்படியே திருப்பி அனுப்பினாள். குழாயடியில் ஒருநாள் இருவரும் நேருக்கு நேராக நிற்க வேண்டி வந்தது.

"அக்கா, ஒரு வார்த்த பேசுங்க. திட்டவாச்சும் செய்ங்க."

"திட்டி என்னா ஆவப் போவுது? ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு வெளங்கல, டோரிஸ். மனுசனுக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாதா ஒருத்தனுக்கு? மழயில, இருட்டுல, அவ்ளோ தூரத்துல கைகாட்டி வெளக்கு பச்சையா செவப்பான்னு ஒன் வீட்டுக்காரருக்குத் தெரியுது. என் வீட்டுக்காரர் மட்டும் கோழியாத் தெரிஞ்சாரா?"

டோரிஸ் குடத்தை நிரப்பாமலே தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தக் கேள்விதான் சீதாலெட்சுமியை அரித்துக்கொண்டிருந்தது. அய்யாவு கோழி கூப்பிடுவது அவளுக்குத் தெரியாதா என்ன? லயமே அறிந்த வித்தைதானே. தீபாவளிக்கு ஆட்கள் கேட்டால் வாசலில் நின்று காட்டுச்சேவல் மாதிரி கூவிக் காட்டுவான். வீட்டுச்சேவல் கடைசியில் ராகம் இழுக்கும். காட்டுச்சேவல் கத்தியால் வெட்டினாற்போல நிறுத்திவிடும். அவன் நிறுத்துகிற நிறுத்தில் லயத்துச் சேவல்கள் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு வரும். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் அது அய்யாவு கூவுவது என்பது அவளுக்கு எப்போதும் தெரியும். சமையலறையில் இருந்தாலும் தெரியும். சேவலே ஏமாந்தாலும் பெண்டாட்டி ஏமாறுவாளா? பின்னே லியனார்ட் எப்படி ஏமாந்தான்?

அந்தச் சண்டை வேறு நெஞ்சுக்குள் கிடந்தது. லியனார்ட் ஒரு பெட்டையைச் சுட்டுக் கொண்டுவந்ததில் தொடங்கியது அது. "குஞ்சு பொரிக்கிற காலத்துல பெட்டையச் சுடறவன்லாம் வேட்டக்காரனா? இனிமே ஒனக்காகக் கூப்பிட மாட்டேன், நான் கண்ணி போட்டுக்கறேன்" என்று அய்யாவு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். லியனார்டுக்கு முகம் சிவந்துபோனது. "நீங்க இல்லாட்டி எனக்குக் கோழி கெடைக்காதா? பாத்துக்கறேன்" என்றான். லயம் முழுக்கக் கேட்டது.

தம்புசாமி ஒரு சாயங்காலம் வந்து படியில் உட்கார்ந்தார். கோப்பி கொடுத்தாள்.

"நாளைக்கு போலீஸ் சார்ஜன் வராராம். தமிழ் பேசற ஆளும் கூட வரும். தவறிச் சுட்டதா, வேணும்னு சுட்டதான்னு விசாரிக்கப் போறாங்க. சண்ட நடந்த சேதிய எவனோ ஓதிட்டான்."

"சண்ட நடந்திச்சுதானே."

"நடந்திச்சு. யாரு இல்லைன்னா? 'பாத்துக்கறேன்'ன்னு அவன் சொன்னத நானும் கேட்டேன். ஆனா சார்ஜன் ஒன்னத்தான் கேப்பாரு, சீதா. அய்யாவு சிநேகிதன விட்டுக் குடுக்க மாட்டான்னு அவருக்குத் தெரியும். நீ சொல்றதுலதான் இருக்கு. மனசுல வெறுப்பிருந்துச்சுன்னு நீ சொன்னா அந்தப் பையன் ஜெயிலுக்குப் போவான்." கோப்பியை ஊதிக் குடித்தார். "நான் இப்டிச் சொல்லு, அப்டிச் சொல்லுன்னு சொல்ல வரல. தெரிஞ்சிருக்கட்டும்னு வந்தேன்."

அவர் போனபிறகு அய்யாவு கேட்டான். "என்னா சொல்லப் போற?"

"நடந்ததச் சொல்வேன்."

"நடந்தது ஒனக்குத் தெரியாதே."

"ஒங்கள ரத்தமாத் தூக்கிட்டு வந்தத நான் பாக்கலயா?"

"அது நடந்து முடிஞ்சது. நடந்தது காட்டுல." அவன் எழுந்து கண்ணிக் கயிறு தொங்கிய ஆணியைப் பார்த்தான், எடுக்கவில்லை. "காலையில எங்கூட வா. கண்ணி வேணாம். சும்மா வா."

விடிந்ததும் போனார்கள். அவள் அந்தப் பக்கம் விறகுக்குப் போனதுண்டு, வேட்டைக்குப் போனதில்லை. ரப்பர்ப் பால் வெட்டுகிற பெண்கள் தலையில் துணி கட்டி மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடந்ததும் அய்யாவுவின் நடை மாறியது. தண்டவாளத்தில் தொம்தொம்மென்று நடக்கிறவன், இங்கே சருகுமேல் ஒரு காலை வைத்து, அது தாங்குகிறதா என்று பார்த்து, மறுகாலை எடுத்தான். நின்று நின்று போனான். பேச்சும் காதோடு காதாகத்தான்.

"கூவறது சும்மா வெளாட்டு. கூவுனா வம்புக்கு இன்னொரு சேவல் இருக்குதுன்னு அதுக்குத் தெரியும். கெழட்டுச் சேவலா இருந்தா வராது, அடிவாங்குன ஞாபகம் இருக்கும். பெட்டையக் கூப்பிடணும். அதுலயும் கூப்பிடறது கொஞ்சம், பேசாம இருக்கறதுதான் ரொம்ப."

"பேசாம இருந்தா எப்டி வரும்?"

"பெட்ட கூப்பிட்டுக்கிட்டே இருந்தா சேவல் நின்ன எடத்துலயே நிக்கும். அவளே வருவான்னு பந்தா பண்ணும். இவ ரெண்டு வார்த்த பேசிட்டு, மேயப் போயிறணும். கோவிச்சுக்கிட்டாளா, வேற எவன்கூடவாச்சும் போய்ட்டாளான்னு அவனுக்கு அடிவயிறு கலங்கணும். அப்பத்தான் ஓடி வருவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ரப்பர் மரம் முடிந்து பெருங்காடு தொடங்கும் இடத்தில் நின்றான். ஒரு மரத்தின் பட்டையில் சிறுசிறு ஓட்டைகள். பால் வழிந்து உறைந்து கருத்திருந்தது. அவன் அதைக் கையால் தடவினான். பிறகு கொஞ்சம் தள்ளி, இன்னொரு மரத்தடியில் அவளை உட்கார வைத்தான்.

"தம்பி நின்ன எடம் இதுதான். நான் அந்த ரோத்தான் பெரம்புப் பொதருக்குப் பின்னால இருப்பேன். நல்லாப் பாத்துக்க. நான் போறதப் பாரு, ஒக்கார்றதப் பாரு. நாந்தான்னு மனசுல வச்சுக்க. அசையாத."

அவள் பார்த்தாள். அவன் குனிந்து போனான், புதரைச் சுற்றினான், உட்கார்ந்தான். செம்மண் ஏறிய துண்டின் ஒரு முனை தெரிந்து மறைந்தது. அவள் கண்ணை அங்கேயே நட்டு வைத்துக்கொண்டாள். 'அதோ இருக்காரு. என் புருசன். கட்டுப் போட்ட தோளோட ஒக்காந்திருக்காரு.'

முதலில் வந்த சத்தம் நன்றாக இல்லை. இலையை உதட்டில் வைத்து ஊதியிருக்கிறான். மூடாத ஓரத்தில் காற்றுப் போய், துணி கிழிகிற மாதிரி ஒன்று கேட்டது. அவளுக்கு முகம் சுருங்கியது. அவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி ஊதினான். மறுபடி காற்றுத்தான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வெகுநேரம் இல்லை. கொசு கடித்தது. எங்கோ ஒரு காய் வெடித்து, கொட்டை சருகில் விழுந்தது. விட்டுவிட்டானோ என்று நினைத்தாள். எழுந்து போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

சருகு புரண்டது.

மெதுவாக, நாலைந்து இலை மட்டும் புரளுகிற சத்தம். நின்றது. அடியில் என்ன இருக்கிறது என்று தலையைச் சாய்த்துப் பார்க்கிற நேரம் அளவுக்கு நின்றது. மறுபடி புரண்டது. இந்த முறை வேகமாக, ஏதோ அகப்பட்டுவிட்டது. பிறகு, வலது உதட்டோரத்தில் புது இடம் கண்டுபிடித்திருக்க வேண்டும், அந்தக் குரல் வந்தது. சின்னக் குரல். தனக்குத்தானே முனகிக்கொள்கிற, அலுத்துக்கொள்கிற, வயிறு நிறையாத ஒரு பெட்டையின் குரல். யாரையும் கூப்பிடுகிற மாதிரியே இல்லை.

சீதாலெட்சுமி இந்தக் குரலை வாழ்நாளில் கேட்டதில்லை. வாசலில் நின்று கூவிச் சிரிக்க வைக்கிறவனிடம் இது இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவள் கண் புதரை விட்டு நகர்ந்தது. புதருக்கு இடது பக்கம், சருகு குவிந்த பள்ளத்தில் பெட்டை மேய்கிறது. அதோ, அந்த வேருக்குப் பக்கத்தில். இன்னும் ஒரு எட்டு வைத்தால் வெளியே வந்துவிடும். அவள் கழுத்தை நீட்டினாள்.

காட்டுக்குள்ளிருந்து, வெட்டினாற்போல ஒரு கூவல் வந்தது. பெட்டை வாயை மூடிக்கொண்டது. பதிலே இல்லை. மறுபடி கூவல், இன்னும் கிட்டத்தில், அவசரமாக. பெட்டை சருகைக் கொஞ்சம் கிளறிற்று, அவ்வளவுதான். 'இந்தக் கழுதைக்கு என்ன திமிரு' என்று நினைத்தாள். பெட்டையைத்தான் நினைத்தாள்.

சேவல் வந்தது. முதலில் தலை. பிறகு வெயில் பட்ட கழுத்து, பொன்னும் நெருப்புமாக. கறுத்த வால் வளைந்து நின்றது. ஒரு காலைத் தூக்கியபடியே பார்த்தது. அந்த நேரம் படபடவென்று சிறகு அடித்துக்கொண்டது. புதருக்குள் இன்னொரு சிவப்பு எழும்பி அடங்கியது. 'இன்னொண்ணும் வந்திருச்சு, ரெண்டும் இப்ப மோதிக்கும்' என்று அவள் நெஞ்சு அடித்துக்கொள்ள, வாய் தானாகத் திறந்தது.

"அதோ!"

சேவல் அலறிப் பறந்தது. புதருக்குப் பின்னாலிருந்து, கையில் சிவப்புத் துண்டோடு அவள் புருஷன் எழுந்து நின்றான்.

அவள் விரலை நீட்டியிருந்தாள். நீட்டிய விரல் நேராக அவன் மார்பைக் காட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று கையை மடக்கிச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

அய்யாவு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கன்னத்துக் காயம் கசிந்திருந்தது. உதட்டோரம் எச்சில் வழிந்ததைத் துண்டால் ஒற்றிக்கொண்டான்.

"எத்தன கோழி?" என்றான்.

அவள் மூன்று விரலைக் காட்டினாள். காட்டிவிட்டு அழுதாள். அவன் அவளை அழ விட்டான்.

"இடது பக்கம் சரியா வரல" என்றான் பிறகு. "மொதல்ல ரெண்டு தடவ சொதப்பிட்டேன்."

"அதுக்குப் பொறவு வந்துச்சே" என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். "எம்மாடி, வந்துச்சே."

உச்சிவேளை ரயிலில் சார்ஜனும், தமிழ் பேசுகிற ஆளும் வந்து இறங்கினார்கள். லயத்து வாசலில் நாற்காலி போட்டார் தம்புசாமி. கேங்கு ஆட்கள் தூரத்தில் நின்றார்கள். லியனார்ட் கையில் தொப்பியோடு வெயிலில் நின்றான். டோரிஸ் பப்பாளி மரத்தடியில் நின்றாள், கையில் ஜெபமாலை.

"ரெண்டு பேருக்கும் சண்டை இருந்ததா?" என்று கேட்கச் சொன்னார் சார்ஜன்.

"இருந்திச்சுங்க" என்றாள் சீதாலெட்சுமி.

கூட்டத்தில் ஒருவர் மூச்சை இழுத்தது கேட்டது. தம்புசாமி தரையைப் பார்த்தார்.

"பெட்டக்கோழியச் சுட்டுட்டார்னு இவரு திட்டுனாரு. அவரு 'பாத்துக்கறேன்'னு சொன்னாரு. அதெல்லாம் நடந்ததுதான், நான் மறைக்கல. எனக்கும் அவரு மேல இன்னிக்குக் காலம்பற வரைக்கும் ஆத்தரம் இருந்திச்சு. ஆனா அவரு சுட்டது என் புருசன இல்லீங்க. கோழியத்தான் சுட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அங்கே இல்லையே."

"இன்னிக்குப் போனேங்க. அவரு நின்ன எடத்துல ஒக்காந்தேன். பொதருக்குள்ள இருக்கறது என் புருசன்னு தெரிஞ்சே ஒக்காந்தேன். தெரிஞ்சும் எனக்குக் கோழிதாங்க தெரிஞ்சது. எங்கையில துப்பாக்கி இருந்திருந்தா நானும் சுட்டிருப்பேன்."

தமிழ் பேசுகிறவர் அதை மலாயில் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சார்ஜன் பேனாவை நிறுத்திவிட்டு அய்யாவுவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். என்னவோ கேட்கப் போகிறவர் மாதிரி இருந்தார். கேட்கவில்லை, எழுதிக்கொண்டார். துப்பாக்கி இனித் திரும்பக் கிடைக்காது என்றும், வேறு கேஸ் போட மாட்டார்கள் என்றும் எழுந்து போகும்போது சொல்லச் சொன்னார்.

எல்லாரும் கலைந்தபிறகும் லியனார்ட் அதே இடத்தில் நின்றான். சீதாலெட்சுமி படியிறங்கி அவனிடம் போனாள். கைகளைப் பார்த்தாள்; சுற்றியிருந்த துணியெல்லாம் சல்லித் தூசி.

"தம்பி. இனிமே அவரு காட்டுக்குப் போற அன்னிக்கு ஒங்க வாசல்ல வந்து சொல்லிட்டுத்தான் போவாரு. நீங்களும் சொல்லிட்டுத்தான் போவணும்."

"எங்கிட்டதான் துப்பாக்கியே இல்லையேக்கா. நான் எதுக்குப் போவப் போறேன்?"

"துப்பாக்கி எதுக்கு?" என்றாள் அவள். "வெறுங்கையோட போயி அவருகூட ஒக்காருங்க. அதச் சும்மா கேக்கறதுக்கே போவலாம், தம்பி."